அடித்தல் ஒன்று

பூதப்பாண்டியில் பத்திரம் எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. அதில் வாய் திறக்காமல் எழுதுகிறவன் யார் என்று கேட்டால் ஹரிகுமாரைத்தான் காட்டுவார்கள். சொத்தில் சிக்கல் என்றால் அவனிடம் போ என்பார்கள். தாய்ப்பத்திரத்தில் தொடங்கி, யார் யாருக்கு விற்றார், யாருக்குப் பாகம் போனது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவான். நடுவில் ஒரு பத்து வருஷம் யார் கையில் இருந்தது என்று தெரியாத இடம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவான். "இந்த எடம் வெளங்கட்டும், பொறவு எழுதுவோம்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அப்படிப்பட்டவன், மனைவியின் பயோடேட்டாவில் எட்டு வருஷத்தைத் தாண்ட முடியாமல் ஜெமியின் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருந்தான்.

ஜெமி மணக்குடிக்காரி. கணவனுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததால் பூதப்பாண்டிக்கு வந்தவள். கடை திறந்து ஆறு மாதம் ஆகிறது. ஹரிகுமாரின் பத்திரங்களையும் அவள்தான் அடித்துக் கொடுக்கிறாள். பத்திரத்தைத் தவிர அவர்கள் வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை.

"பயோடேட்டான்னு சொல்லாதீங்க அண்ணே, அது கல்யாணத்துக்கு. இது ரெஸ்யூம்" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். "மைனி ஒரு நாளைக்கு எத்தன பேருக்கு ரத்தம் எடுப்பாங்க?"

"அறுபது, எழுபது இருக்கும்."

"அதப் போடணும். லேப்ல வேல பாத்தேன்னு மொட்டையா சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். எண்ணிக்க சொன்னா நம்புவான்." அவள் நோட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். மனைவி தன்யாவின் கையெழுத்து. லேப் டெக்னீஷியன் படிப்பு, தேறிய வருஷம், நாகர்கோவிலில் வேலை பார்த்த இடம், 2009 முதல் 2016 வரை. அதற்குக் கீழே நாலு வரிக்கு இடம் விட்டிருந்தது. ஒன்றும் எழுதவில்லை.

தாளைக் கொடுக்கும்போது தன்யா சொல்லியிருந்தாள். "அங்க என்ன போடணும்னு நீங்க பாத்துக்கிடுங்கோ. எழுதுகது ஒங்க தொழில் இல்லியா."

ஜெமி நாலு வரி வெற்றிடத்தை விரலால் தொட்டாள். "இந்த மாதிரி கேப் இருந்தா மொதல்ல அங்கதான் கண்ணு போகும். ஒண்ணும் போடாம விடவே கூடாது." ஹரிகுமார் யோசிப்பதற்குள் அவள் விரல்கள் ஓடிவிட்டன. கல்யாணமாகி வேலையை விட்ட பெண்களுக்கென்று அவளிடம் தயாராக ஒரு வரி இருந்தது. அதைப் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டுத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "பாருங்க. செரிதானா?"

ஆங்கிலத்தில் ஒரே வரி. 2016 முதல் 2024 வரை, குழந்தையை வளர்ப்பதற்காகப் பணியிலிருந்து விலகியிருந்தேன்.

ஹரிகுமார் அதை வாசித்தான். மறுபடி வாசித்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால் நாகம்மை அத்தை உட்கார்ந்திருந்தாள். ஆதாரில் கைரேகை பதியவில்லை என்று மூன்று நாளாக அந்தக் கடைக்கு நடந்துகொண்டிருக்கிறவள். 'எங்களுக்குப் பிள்ளை இல்லை' என்று ஜெமியிடம் சொன்னால் அது நாகம்மை அத்தை காதில் விழும். விழுந்தால் அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்காருவாள். நாகராஜா கோயிலில் ஆவணி ஞாயிறு பால் ஊற்றினாயா என்பதில் தொடங்கி, திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் என்பதில் போய் நிற்பாள். அந்த டாக்டரிடம் போய் வந்ததுதான் அந்த எட்டு வருஷத்தில் பாதி என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது, அதை அவன் தனக்கே பிறகுதான் ஒப்புக்கொண்டான். அந்த வரி பார்க்க நன்றாக இருந்தது. அதற்குள் ஒரு பிள்ளை இருந்தது. வருஷக் கணக்கோடு, எட்டு வயதுப் பிள்ளை. அழிக்கச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"ம்" என்றான்.

ஜெமி அங்கேயே, லேபுக்கு ஆள் கேட்டிருந்த நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு மெயில் அனுப்பினாள். ஐந்து பிரதி அடித்து உறையில் போட்டுக் கொடுத்தாள். அன்று ராத்திரி தன்யா கேட்டாள், "நடுவுல என்ன போட்டா?"

"ஏதோ இங்கிலீஷ்ல போட்டா."

அவள் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விட்டாள். உறை அவன் பத்திரப் பையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தன்யா அவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். பேசினது அலுவலகத்துப் பெண். வியாழக்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ, ரத்தம் எடுத்துக் காட்டச் சொல்வார்கள், ஒரு பிரதி கையில் கொண்டு வரவேண்டும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாள். "மேடத்துக்குப் பிள்ளை இருக்கில்லா சார், காலைல ஏழு மணி ஷிஃப்ட் ஒத்துவருமா? அத அவங்க கட்டாயம் கேப்பாங்க."

"ஒத்துவரும்" என்றான் ஹரிகுமார்.

போனை வைத்துவிட்டு அன்று எழுத வேண்டிய தானப்பத்திரத்தை எடுத்தான். அளவு விவரத்தில் வடக்கையும் தெற்கையும் மாற்றி எழுதிவிட்டான். இருபது வருஷத்தில் அவன் அப்படி எழுதினதில்லை.

அவனுக்குத் தெரியும். தன்யா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகிறது. பந்தியில் பக்கத்து இலைக்காரி கேட்கிற அந்த ஒரு கேள்விக்காகத்தான் நிறுத்தினாள். ஆறாவது தடவையும் தங்காமல் போனபோது, சிகிச்சைக் கோப்பு முழுவதையும் ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டி மச்சில் ஏற்றினாள். "போரும்" என்றாள். அழவில்லை. அதன் பிறகு ஒரு வருஷம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "நான் வேலைக்குப் போறேன் என்னா." அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பது அவனுக்கு மட்டும் தெரியும். இப்போது மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்கு என்ன வயது, யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்கப்போகிறார்கள். கேட்க வைத்தவன் அவன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தன்யா மருந்துக் கடையிலிருந்து வாங்கின சிரிஞ்சுகளை அடுக்களை ஜன்னல் பக்கம் பரப்பினாள்.

"கைய நீட்டுங்கோ."

"என் கையா?"

"பொறவு? அடுத்த வீட்டுக்காரன் கையையா கேக்க முடியும்? எட்டு வருஷம் ஊசியைப் பிடிச்சதில்ல. போன எடத்துல கை நடுங்கிச்சின்னா மானம் போயிரும்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினான். வலது கையில் ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். முதல் நாள் கை நடுங்கத்தான் செய்தது. ஊசி நரம்பைத் தவறவிட்டது. நீலம் கட்டிக்கொண்டது.

"நோவுதா?"

"இல்ல."

"கள்ளம்." அவள் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே நின்றாள். "எனக்குத் தெரியாதா, எப்பிடி நோவும்னு."

அவள் கைகளை அவன் பார்த்தான். இரண்டு முழங்கை மடிப்பிலும் குத்திக் குத்தித் தோல் தடித்துப்போயிருந்தது. கடைசிக் காலத்தில் அங்கே ரத்தம் கிடைக்காமல் நர்ஸுகள் தேடுவார்கள். அவளே புறங்கையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுவாள். இங்க எடுங்க, இங்க கிடைக்கும். அப்போதும் அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இப்படித்தான் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பான். பக்கம் புரண்டதில்லை.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சொல்லவில்லை. புதன்கிழமை வலது கை. ஒரே குத்தில் கிடைத்தது. அவள் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அதைப் பார்த்துக்கொண்டே அன்றும் சொல்லாமல் விட்டான்.

வியாழக்கிழமை காலை ஆறரை. எட்டுப் பத்துக்கு நாகர்கோவில் பஸ். ஜெமியின் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். தன்யா குளித்து, நீல நிறச் சேலை கட்டியிருந்தாள். கடைசியாக ஒரு தடவை என்று அவன் இடது கையில் பட்டையைக் கட்டினாள். ஊசி உள்ளே போனது. சிரிஞ்சில் ரத்தம் ஏறத் தொடங்கியது.

"அந்தப் பேப்பர்ல" என்றான் ஹரிகுமார், "நடுவுல ஜெமி ஒரு வரி போட்டிருக்கா. பிள்ளையை வளக்க வேலைய விட்டதா."

ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட காட்டிட்டுத்தான் அனுப்புனா. நான் செரின்னுட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணுனவ, பிள்ளை இருக்கில்லா, ஏழு மணி ஷிஃப்ட் ஒத்துவருமான்னு கேட்டா. அதுக்கும் ஒத்துவரும்னுட்டேன். இன்னைக்குக் கேப்பாங்க."

அவள் கை அசையவில்லை. பட்டையை அவிழ்த்தாள். பஞ்சை வைத்து ஊசியை உருவினாள்.

"மடக்காதீங்கோ. நீட்டி வச்சு அமுக்கிப் பிடியுங்கோ."

அவன் அமுக்கிப் பிடித்தான். அவள் சிரிஞ்சை மூடினாள். கையைக் கழுவினாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது.

"எத்தன வயசுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"வயசு போடல்ல."

"ஆணா பொண்ணா?"

"அதும் இல்ல."

"பேரு?"

அவன் தலையை ஆட்டினான்.

"செரியான அப்பன்தான்" என்றாள் தன்யா. "கொண்டாங்கோ பாப்போம்."

பத்திரப் பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தான். அவள் ஜன்னல் பக்கம் நின்று வாசித்தாள். பயோடேட்டா முழுதும் ஒரு பக்கம்தான். அதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. அவள் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"நல்ல வரிதான் என்னா" என்றாள் கடைசியில். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வாசிக்கதுக்கு."

"அதனாலதான் வாய் வரல்ல எனக்கு."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன வார்த்தைகளில் எதற்கும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு அடுக்களை மேடையில் தாளை விரித்தாள். "பேனாவக் கொண்டாங்கோ."

"ஜெமி வீட்டுல போய்ச் சொன்னா கடையத் தொறந்து புதுசா அடிச்சுத் தருவா."

"வேண்டாம். பழச அவங்க கையில இருக்கு. நான் புதுசா ஒண்ணு நீட்டுனா, மறைச்சிட்டு வந்து மாத்துன மாதிரி இருக்கும். அடிச்சது தெரியட்டும்."

அது சரிதான். பதிவான பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுத முடியாது. பிழை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்படித்தான் திருத்த வேண்டும். அவன் ஆயிரம் பேருக்குச் சொன்ன விஷயம்.

அவள் ஸ்கேல் வைத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். கீழே இருக்கிற எழுத்து தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு. பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன எழுதட்டும்?"

ஹரிகுமார் யோசித்தான். "குடும்பச் சூழ்நிலை காரணமான்னு போடலாம். இல்லேன்னா, பல்வேறு காரணங்களால."

"பல்வேறு ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான்."

அவள் குனிந்து, கோட்டுக்கு மேலே எழுதினாள். ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக. குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சையில் இருந்தேன். எழுதி நிறுத்தினாள். பிறகு ஒரு வார்த்தை சேர்த்தாள்: 'முடிந்தது.'

அந்தக் கடைசி வார்த்தை அவனுக்கு எங்கோ போய்த் தைத்தது. இரண்டு பேரும் அதுவரைக்கும் வாயால் சொல்லாத வார்த்தை.

அவன் பேனாவை வாங்கினான். பழக்கதோஷம், கை தானாகப் பக்கத்தின் அடிக்குப் போயிற்று. பத்திரத்தில் திருத்தம் வந்தால் எழுதுவதைப்போலவே தமிழில் எழுதினான். 'இப்பக்கத்தில் அடித்தல் ஒன்று. சேர்த்தல் ஒரு வரி.'

"ஐயோ, என்ன காரியம் இது. ஆஸ்பத்திரிக்காரன் சிரிக்கமாட்டானா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். கையெழுத்துப் போடு."

"நீங்க?"

"எழுதினவனும் போடணும்" என்று அவனும் கையெழுத்துப் போட்டான்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் வயல் நடவு முடிந்து பச்சை பிடித்துக் கிடந்தது. வடசேரி தாண்டினபோது அவன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளி, ஊசி போன இடத்தைப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஒன்பதே முக்காலுக்கே வந்து சேர்ந்திருந்தார்கள். இவளையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள், பளபளக்கிற கோப்போடு வந்திருந்தார்கள். பத்தரைக்கு தன்யாவைக் கூப்பிட்டார்கள். ஹரிகுமார் மருந்து வாங்கும் இடத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தான். இன்றும் பக்கம் புரளவில்லை. ஒரு தகப்பன் இரண்டு வயதுப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான். பிள்ளை தகப்பனின் தோளுக்கு மேலாக ஹரிகுமாரையே பார்த்தது. ஹரிகுமாரும் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் அவன் கண்ணை எடுத்துவிடுவான்.

பதினொன்றே காலுக்கு அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "காப்பி குடிப்போம்" என்றாள். கேட்டுக்கு வெளியே கடையில் நின்று, சூட்டை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"மூணு பேரு. ஒரு டாக்டரம்மா, ஒரு ஆபீஸ்காரரு, பொறவு லேப் இன்சார்ஜ், வியாகுலம்மாள்னு ஒரு வயசான அம்மா. ஆபீஸ்காரரு மெயில்ல வந்தத வச்சிருக்காரு, நான் கொடுத்தது டாக்டரம்மா கையில. ரெண்டையும் பாத்துட்டு, இதுல எதும்மா உண்மைன்னாரு."

"நீ?"

"கோடு போட்டதுக்கு மேல இருக்கதுதான் உண்மைன்னேன். அடிச்சுக் கொடுத்த பிள்ளை எல்லாருக்கும் போடுகத எனக்கும் போட்டுட்டா, நாங்க அப்பமே சொல்லல்ல, அது எங்க தப்புன்னேன்."

எங்க தப்பு என்றாள். ஹரிகுமார் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"டாக்டரம்மா கீழ எழுதியிருக்கதப் பாத்துட்டு, இது என்ன, அடித்தல் ஒன்றுன்னு கேட்டா. எங்க வீட்டுக்காரரு பத்திரம் எழுதுகவருன்னேன். சிரிச்சுட்டா. நல்லவேளை, ஸ்டாம்பு ஒட்டலியேன்னா." அவளும் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் காப்பியைக் குடித்தாள். "அதுக்குப் பொறவு ஒருத்தரும் அதப்பத்திக் கேக்கல்ல. நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? ஒரு வார்த்த கேக்கல்ல."

"ரத்தம் எடுத்தியா?"

"கீமோ எடுத்துக்கிட்டிருக்க ஒரு அம்மாவக் கொண்டுவந்து இருத்துனாங்க. ரெண்டு கையிலயும் நரம்பே கிடையாது, எல்லாம் போயாச்சு. எனக்கு முன்ன அந்த ரெண்டு பிள்ளையளும் குத்திப் பாத்துட்டு விட்டிருக்காங்க. நான் பட்டைய எடுக்கவே இல்ல. பக்கத்துல உக்காந்து, அம்மா, எங்க எடுத்தா கிடைக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமில்லான்னு கேட்டேன்." அவள் தன் பெருவிரலுக்கு மேலே மணிக்கட்டின் ஓரத்தைத் தொட்டாள். "இங்க காட்டுனா. ஒரே குத்து. ஒரு வருஷமா இங்க வாறேன், ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதில்ல மக்கான்னா."

"என்ன சொன்னாங்க கடைசில?"

"சனிக்கிழமை போன் பண்ணுவாங்களாம். ஆனா கேட்டேளா, வெளிய வரும்போ அந்த வியாகுலம்மாள், லேப் கோட்டு என்ன சைஸ் போடுவேன்னு கேட்டா. சும்மா கேக்கமாட்டா இல்லா?"

"கேக்கமாட்டா."

பூதப்பாண்டியில் இறங்கினபோது மணி ஒன்று. தன்யா வீட்டுக்கு நடந்தாள். ஹரிகுமார் பதிவு அலுவலகத்துப் பக்கம் திரும்பி, ஜெமியின் கடைக்குள் ஏறினான். உள்ளே நாலு பேர் நின்றார்கள். நாகம்மை அத்தை மிஷினில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மைனி இன்டர்வியூ என்னாச்சு?" என்றாள் ஜெமி.

"சனிக்கிழமை தெரியும்." வழக்கமாக அங்கே நிறுத்திவிடுவான். இன்று நின்றுகொண்டே இருந்தான். "ஜெமி, அன்னைக்குப் போட்ட அந்த வரி தப்பு. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அந்த எட்டு வருஷமும் அதுக்குத்தான் வைத்தியம் பாத்தோம்."

ஜெமியின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, நான் கேக்காம..."

"கேட்டே. செரிதானான்னு கேட்டே. நான்தான் சொல்லல்ல."

நாகம்மை அத்தை மிஷினிலிருந்து விரலை எடுத்தாள். "ஏ மக்கா, ஆவணி ஞாயிறு ஒண்ணு விடாம..."

"ஊத்தியாச்சு அத்தை" என்றான் ஹரிகுமார், மெதுவாக. "எல்லாம் செய்தாச்சு. அது முடிஞ்சிது. இப்பம் அவ வேலைக்குப் போறா."

அத்தை கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டாள்.

ஜெமி அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையையே பார்த்துக் கேட்டாள். "அந்த வரிய மொத்தமா எடுத்திரட்டுமா?"

"வேண்டாம். உள்ளவங்களுக்கு இருக்கட்டும். கேட்டுட்டுப் போடு."

அவள் தலையாட்டினாள். அவன் இரண்டு கையையும் நீட்டி, அவள் அடித்து வைத்திருந்த பத்திரக் கட்டை வாங்கியபோது சட்டைக் கை மேலேறியது. இரண்டு முழங்கை மடிப்பிலும் ஊசித் தடம்.

"என்னண்ணே, ஒடம்புக்கு முடியல்லியா?"

"ஒண்ணும் இல்ல. தன்யா எடுத்தா" என்றான். இடது கையைத் திருப்பி அவளுக்குக் காட்டினான். "மொத நாள்தான் நீலம் கட்டிச்சு. இந்தா, இது இன்னைக்கு எடுத்தது. பாரு, தெரியுதா?"

ஜெமி குனிந்து பார்த்தாள். மங்கிக்கொண்டிருந்த நீலத்துக்குப் பக்கத்தில், எறும்பு கடித்த அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான் இருந்தது.